பூஸ்டரை விடுங்கோ, மொட்டைமாடிக்கு ஏறுங்கோ

ட்ரோன் பெட்டியில 12 கிலோமீற்றர் எண்டு போட்டிருக்கும். டவுனுக்குள்ள சில நூறு மீற்றர் போகமுதலே திரையில படம் உறைஞ்சு நிக்கும். உடனே எங்கட பெடியள் தேடுறது சிக்னல் பூஸ்டர். இல்லாட்டி ரிமோட்டை அமெரிக்க அளவுக்கு மாத்துற 'ஹேக்'. இரண்டும் வேண்டாத வேலை என்பதுதான் எங்கள் கருத்து.

அந்த 12 பொய்யில்லை. டீஜேஐ மினி 3 ப்ரோவின் விபரத்தாளை ஒருக்கா வாசித்துப் பாருங்கள். 12 என்பது அமெரிக்க விதிப்படியான சக்தியில், தடையும் இரைச்சலும் இல்லாத வெட்டவெளியில். ஐரோப்பிய விதிப்படி அது 8. நகரத்துக்கு என்று அதே தாளிலேயே 1.5 முதல் 3 வரைதான் போட்டிருக்கிறார்கள். விளம்பரத்தில மட்டும் பெரிய இலக்கம்!

ரிமோட்டும் ட்ரோனும் கதைப்பது பெரும்பாலும் 2.4 அல்லது 5.8 கிகாஹேர்ட்ஸில். 2.4 சந்தை மாதிரி: வீட்டுக்கு வீடு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்புக் கூட அங்கேதான். 5.8 இல் சனம் குறைவு, ஆனால் சுவரும் மரமும் குறுக்கே வந்தால் கூடுதலாகத் திணறும்.

சக்தியைக் கூட்டினால் தீராதா? வெட்டவெளியிலேயே தூரத்தை இரண்டு மடங்காக்க நாலு மடங்கு சக்தி வேண்டும். நடுவில் ஒரு மாடிக் கட்டடம் நின்றால் அந்த நாலு மடங்கையும் கொங்கிறீற் விழுங்கிவிடும். அதோட, ரிமோட்டில பூட்டுற பூஸ்டர் ரிமோட்டின் குரலைத்தான் உரப்பாக்கும். படத்தை அனுப்புகிற ட்ரோனின் குரல் பழைய குரல்தான். அனுமதியில்லாமல் சக்தியைக் கூட்டுவது சட்டச் சிக்கல் என்பது வேற கதை.

உண்மையில் வேலை செய்வது நிற்கிற இடம். 2.4 இல் ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு, நடுவழியில் சிக்னல் பாதையைச் சுற்றி ஐந்தாறு மீற்றர் வெளி வேண்டும். ஆகவே கூரை விளிம்புக்கு மேலால ட்ரோன் எட்டித் தெரிஞ்சால் மட்டும் காணாது. மொட்டைமாடிக்கு ஏறுங்கள், தண்ணித் தாங்கிக்கும் இரும்புக் கம்பிக்கும் தள்ளி நில்லுங்கள். தட்டை அன்ரனா என்றால் அதன் நுனியை ட்ரோனுக்கு நேரே நீட்டாதீர்கள், நுனியில்தான் சிக்னல் ஆகக் குறைவு. தட்டைப் பக்கம் ட்ரோனைப் பார்க்க வேண்டும். சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பி வருகிற உயரத்தை, சுற்றியுள்ள கோபுரம், ரவர் எல்லாவற்றுக்கும் மேலாகப் பறக்கமுதலே போட்டு வையுங்கள். கீழே நிற்கிறது சனம்.

அந்தச் சனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் வன்னியில் வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் 'வண்டு'. அந்த இரைச்சலுக்குக் கீழே வாழ்ந்த அம்மாமார் இப்பவும் எங்கட வீடுகளில் இருக்கினம். ஆர் விட்டது எண்டே தெரியாமல் ஒன்று தலைக்கு மேல் இரைந்தால் அவைக்கு அது 'கூல் ஷொட்' இல்லை. ட்ரோன் கண்பார்வைக்குள் நிற்க வேண்டும் என்ற சிவில் விமானப் போக்குவரத்து விதியை இதற்காகவும் மதிக்கலாம். உள்ளங்கையளவு ட்ரோன் அரைக் கிலோமீற்றருக்கு அங்கால கண்ணுக்குத் தெரியாது. பிறகு எதற்கு எங்களுக்கு 12?

தேர்த் திருவிழாவோ கலியாணமோ, 300 மீற்றருக்குள் படம் அறாமல் வந்தால் போதும். அடுத்த ஓடருக்கு அட்வான்ஸ் வாங்கேக்கையே, மண்டபத்து மொட்டைமாடித் திறப்பு ஆரிட்ட இருக்கு எண்டும் கேட்டு வையுங்கோ.