மூச்சுக்கு ஒரு ஸ்கேன்!

மணவூர் ஸ்டேஷன்ல சென்னை லோக்கல் ஏறினா, கொஞ்ச நேரத்துல திருவள்ளூர். 2022-ல அங்கே அரசு மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு. ஆனா, மூச்சுத் திணறுற ஒரு குழந்தைக்கு அதைவிடப் பெரிய தூரம் ஒண்ணு இருக்கு... ஐ.சி.யூ. கட்டில்லேர்ந்து சி.டி. ஸ்கேன் ரூம் வரைக்கும்! ஆக்ஸிஜன், சலைன், மானிட்டர்னு அத்தனையும் கூடவே நகரணும். நடுவழியில மூச்சுக்குழாய் ட்யூப் நழுவிட்டா?

அதனால, மெஷினையே கட்டிலுக்குக் கொண்டு வர்றாங்க. கர்ப்பிணிகளுக்குப் பார்ப்பாங்களே, அதே அல்ட்ராசவுண்ட்தான்.

'நுரையீரல் முழுக்கக் காத்தாச்சே, அதுக்குள்ள எப்படித் தெரியும்?'னு கேட்கிற ஃபர்ஸ்ட் பெஞ்ச் பார்ட்டிக்கு ஒரு சபாஷ். டாக்டர்களும் ரொம்ப நாள் அப்படித்தான் ஒதுக்கி வெச்சிருந்தாங்க. ஃபிரான்ஸ் ஐ.சி.யூ. டாக்டர் டேனியல் லிக்டன்ஸ்டைன் விடலை. நுரையீரல் தெரியாட்டி என்ன, திரையில விழற பொய்க் கோடுகளைப் படிச்சா போச்சுன்னு கிளம்பினார். 2008-ல 'புளூ புரோட்டோகால்'னு அதை வெளியிட்டார். அது பெரியவங்களுக்கானது. குழந்தைகளுக்கு நெஞ்சுச் சுவர் மெல்லிசு, படம் இன்னும் தெளிவு!

படுக்கை வசத்துல கோடு விழுந்தா, உள்ளே காத்து. டார்ச் அடிச்ச மாதிரி மேலேர்ந்து கீழே நிறைய இறங்கினா, ஈரம். நுரையீரல் உறை மூச்சுக்கு மூச்சு வழுக்கி நகரணும். நகரலைன்னா, வெளியே கசிஞ்ச காத்து நுரையீரலை அமுக்குதோன்னு சந்தேகப்படணும்.

நம்ம ஊர் டெங்குவையே எடுத்துக்குங்க. ரத்தக் குழாய்லேர்ந்து நீர் கசிஞ்சு குழந்தை ஷாக்குக்குப் போயிடும். சலைன் ஏத்தியே ஆகணும். அளவு மீறினா, அதே நீர் நெஞ்சுல தேங்கி மூச்சை முட்டும். எங்கே நிறுத்தறது? ஏத்தறதுக்கு முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை ஸ்கேன் வெச்சுப் பார்த்தா, முடிவெடுக்க ஒரு துப்பு கிடைக்கும். கதிர்வீச்சு கிடையாது, திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

அதுக்காக எக்ஸ்ரேவுக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்துடாதீங்க. ஆழத்துல ஒளிஞ்சிருக்கிற நிமோனியா இதுல சிக்காது. பார்க்கிறவர் கையும் பழகியிருக்கணும்.

இன்னொரு சமாசாரம். கருவிலேயே ஆணா, பெண்ணான்னு பார்க்கிறதைத் தடுக்கிற 1994 சட்டம், நெஞ்சை மட்டும் பார்க்கிற மெஷினையும் பதிவு பண்ணச் சொல்லுது. கையடக்க மெஷினா இருந்தாலும் இஷ்டத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியாதுன்னு 2012-ல விதியும் வந்தாச்சு. தேவையான கட்டுப்பாடுதான். பதிவான ஆஸ்பத்திரிக்குள்ள அட்மிட் ஆன குழந்தைக்குப் பார்க்கத் தடையில்லை.

ஹவுஸ் சர்ஜன் ஃப்ரெண்ட்ஸ்... அடுத்த குழந்தைகள் வார்டு போஸ்ட்டிங்ல, சீனியர் பக்கத்துல நின்னு கத்துக்குங்க. ஜெல்லை மட்டும் முதல்ல கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிடுங்க. ஏற்கெனவே மூச்சு வாங்குற குட்டி, ஜில்லுன்னு பட்டதும் வீல்னு அழுதா திணறல் இன்னும் கூடிடும்!