பிளஸ் டூ வந்தால் கால்பந்துக்கு முழுக்கா?

பிள்ளை பத்தாவது வரை ஓடியாடி கோப்பை வாங்கி வந்தால், அக்கம்பக்கத்தில் காட்டிப் பெருமைப்படுகிறோம். அதே பிள்ளை பிளஸ் டூவுக்கு வந்ததும், "பந்து சோறு போடுமா? போய்ப் படி" என்று ஷூவைத் தூக்கிப் பரண் மேல் போட்டு விடுகிறோம். பெண் பிள்ளையென்றால் கேட்கவே வேண்டாம். "வெயிலில் கறுத்துப் போனால் எவன் கட்டுவான்? கை, கால் உடைந்தால் என்ன கதி?" என்று பாட்டி முதல் பக்கத்து வீட்டு மாமி வரை ஆளுக்கொரு கேள்வி!

பந்து சோறு போடுகிறதோ இல்லையோ, காலேஜில் சீட் வாங்கித் தரும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கென்றே 500 இடங்கள் உண்டு. அரசு கலைக் கல்லூரிகளிலும் தனி இடம் ஒதுக்குகிறார்கள். பல தனியார் கல்லூரிகள், தங்கள் அணிக்கு ஆடுகிற பிள்ளைகளுக்கு ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு என்று சலுகை தருகின்றன. நம் பெண்கள் கால்பந்தில் சளைத்தவர்களும் இல்லை. 2018-ல் மணிப்பூரையும், 2023-ல் அரியானாவையும் வென்று தேசிய சாம்பியன் ஆனது தமிழ்நாடு மகளிர் அணிதானே!

ஆனால், சலுகை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்து விடவும் கூடாது. என் நாத்தனார் மகள் கால்பந்து ஆடித்தான் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வருஷம் ஒரு பைசா வாங்கவில்லை. இரண்டாம் வருஷம் ஆட்டத்தில் முட்டி ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் வரை போய்விட்டது. "ஆடாத பெண்ணுக்கு எதற்குச் சலுகை?" என்று முழு ஃபீஸையும் கட்டச் சொல்லி விட்டார்கள். சேர்க்கும்போது சொன்னதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நாத்தனார் வளையலை அடகு வைத்துத்தான் அவளை டிகிரி முடிக்க வைத்தார். அந்தக் கல்லூரிக்காக ஆடித்தானே அவள் கால் போனது? இது என்ன நியாயம்?

அதனால் தாய்மார்களே, சேர்க்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள். சலுகை ஒரு வருஷத்துக்கா, படிப்பு முடியும் வரைக்குமா? அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? ஆட முடியாமல் போனாலும் ஃபீஸ் சலுகை தொடருமா? போட்டிக்குப் போகிற நாளில் பரீட்சை வந்தால் என்ன ஏற்பாடு? பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

சர்டிபிகேட் விஷயத்திலும் கவனம் வேண்டும். மாவட்டப் போட்டியை விட மாநிலப் போட்டிக்கும், அதை விட தேசியப் போட்டிக்கும்தான் மதிப்பு. ஒவ்வொன்றையும் அன்றன்றே வாங்கி, பெயர், பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பம் போடுகிற நேரத்தில் பி.டி. சார் பின்னால் அலைவதில் பிரயோஜனமில்லை. மார்க்கும் வேண்டும், ஃபெயிலானால் எந்தக் கோப்பையும் உதவாது.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிளஸ் டூ என்றதும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்து விடாதீர்கள். வாரத்தில் கிடைக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை நம்பித்தான் சில பிள்ளைகளின் மேல்படிப்பே இருக்கிறது.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.