பிள்ளை பெற்ற உடம்பு

ஆரணி, பட்டுக்குப் பெயர் போன ஊர். கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊரிலும், சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் போன்ற சுற்று ஊர்களிலும் பல வீடுகளில் தறி உண்டு. விடிந்ததும் "தடக், தடக்" என்று சத்தம் கேட்கும். கணவன் தறியில் உட்கார்ந்தால் மனைவி தார் சுற்றுவாள். கணவன் எழுந்தால் மனைவி தறியில் உட்காருவாள். குடும்பமே சேர்ந்து உழைத்தால்தான் ஒரு புடவை உருவாகும்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது. சொந்தக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். முதலில் குழந்தையைப் பார்க்கிறார்கள். "அப்பனை உரித்து வைத்திருக்கிறது" என்று மகிழ்கிறார்கள். பிறகு தாயைப் பார்க்கிறார்கள்.

"என்னாம்மா, இப்படிப் பெருத்துட்டே?" என்கிறாள் ஒருத்தி.

"வயிறு இன்னும் இறங்கலையே! உள்ளே இன்னொண்ணு இருக்கா?" என்கிறாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரிக்கிறார்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் போவதில்லை. பிள்ளை பெற்றவளின் மனத்தில் முள்ளாகத் தைத்து நிற்கிறது. அவள் கண்ணாடி முன்னால் நிற்கக் கூசுகிறாள். கல்யாணத்துக்கு உடுத்திய பட்டுப் புடவை பெட்டிக்குள் கிடக்கிறது. அதற்குத் தைத்த ரவிக்கை கையில் ஏறவில்லை. "என் உடம்பு கெட்டுப் போய்விட்டது" என்று அவள் யாருக்கும் தெரியாமல் அழுகிறாள்.

அவள் உடம்பு கெட்டுப் போகவில்லை. அது ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்திருக்கிறது. இதை அவளுக்கும் அவளைச் சுற்றி இருப்பவர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

கர்ப்பப்பை சாதாரண நாளில் கைக்கு அடக்கமானது. அதன் எடை 100 கிராம்கூட இருக்காது. பிரசவம் முடிந்த நேரத்தில் அதே கர்ப்பப்பை ஏறத்தாழ 1 கிலோ எடை இருக்கும். அது சுருங்கிப் பழைய அளவுக்கு வர சுமார் 6 வாரம் ஆகும். குழந்தை பிறந்த மறுநாளே வயிறு தட்டையாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது, நட்ட மறுநாளே நெல் அறுக்க நினைப்பது போலத்தான்.

வயிற்றின் நடுவில் இரண்டு பக்கமும் தசைகள் இருக்கின்றன. குழந்தை வளர வளர அவை விலகி இடம் கொடுக்கின்றன. மறுபடி நெருங்கி வரப் பல மாதம் ஆகலாம். வயிற்றில் விழுந்த வரிகள் முதலில் சிவப்பாகவோ கருமையாகவோ இருக்கும். பிறகு மெல்ல வெளுத்து மங்கும். முழுவதும் மறையாது. மறையாவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தலைமுடி கொட்டுகிறதே என்று பல பெண்கள் பயப்படுகிறார்கள். கர்ப்ப காலத்தில் உதிர வேண்டிய முடி உதிராமல் நிற்கிறது. குழந்தை பிறந்து 3 மாதம் போல் ஆனதும் அது மொத்தமாகக் கொட்டுகிறது. பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் முடி பழையபடி வந்துவிடும். இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிகிறது என்று வெளியே சொல்ல வெட்கப்படும் பெண்களும் உண்டு. அடிவயிற்றைத் தாங்கும் தசைகள் பிரசவத்தில் தளர்ந்து போவதால் அப்படி ஆகிறது. அதற்குச் சுலபமான பயிற்சிகள் இருக்கின்றன. நர்ஸிடமோ டாக்டரிடமோ கேட்டால் சொல்லித் தருவார்கள். வெட்கப்பட்டு மறைத்தால்தான் தொல்லை நீளும்.

தண்ணீரைத் தடுக்கலாமா?

பெரியவர்கள் வகுத்த வழக்கத்தில் நல்லது நிறைய உண்டு. பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது நல்ல வழக்கம். கனமான வேலை கொடுக்காமல் வைத்திருப்பதும் நல்ல வழக்கம். பூண்டு சேர்த்த குழம்பும், சூடான சாதமும், ஆசையோடு பிசைந்து கொடுக்கும் கையும் எந்த மருந்துக்கும் குறைந்தவை அல்ல.

ஆனால் விட வேண்டிய வழக்கமும் உண்டு. "தண்ணீர் குடித்தால் வயிறு போடும்" என்று சொல்லி, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள். இது தவறு. பால் கொடுக்கிற தாய்க்குத் தாகம் அதிகம். தாகம் எடுத்தபோதெல்லாம் அவள் குடிக்க வேண்டும். தண்ணீரால் வயிறு பெருக்காது.

வயிற்றைச் சேலையால் இறுக்கிக் கட்டினால் உள்ளே இறங்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். கர்ப்பப்பை தானாகச் சுருங்குகிறது. குழந்தை பால் குடிக்கும்போது அது இன்னும் நன்றாகச் சுருங்குகிறது. மெதுவாகக் கட்டிய துணி இடுப்புக்கு ஆறுதலாக இருக்கலாம். மூச்சு முட்ட இறுக்கினால் தளர்ந்த அடிவயிற்றுத் தசைகளுக்குச் சுமைதான்.

இளைக்க வேண்டும் என்று சில பெண்கள் ஒருவேளைச் சாப்பாட்டை விடுகிறார்கள். முதல் 6 மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தப் பால் தாயின் உடம்பில் இருந்துதான் வர வேண்டும். அதற்காக அவளுக்குத் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். ஏறக்குறைய ஒருவேளைச் சாப்பாடு அது! கீரை, பருப்பு, முட்டை, மீன், கேழ்வரகு ஆகியவை அவளுக்கு அவசியம். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 6 மாதம் சாப்பிட வேண்டும்.

தறிக்கு எப்போது திரும்புவது?

ஆரணிப் பெண்ணுக்கு இதுதான் பெரிய கேள்வி. குழித்தறியில் உட்காருவது சாதாரண வேலை அல்ல. காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கை ஓயாமல் நாடாவை ஓட்டி, அச்சை இழுத்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் இடுப்பும் முதுகும் அடிவயிறும் வேலை செய்கின்றன. பிரசவத்தில் தளர்ந்தவையும் அவைதான்.

ஆகவே முதல் 6 வாரம் ஓய்வு கொடுக்க வேண்டும். வயிற்றை அறுத்துப் பிரசவம் ஆனவளுக்கு இன்னும் கவனம் தேவை. குழந்தையைவிடக் கனமான எதையும் அவள் தூக்கக்கூடாது. 6 வாரம் கழித்து டாக்டரிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகு வேலையை மெதுவாகத் தொடங்கலாம். முதலில் சிறிது நேரம் தார் சுற்றுவது, பிறகு சிறிது நேரம் தறி என்று நாளடைவில் கூட்டிக்கொள்ளலாம்.

"தறி நின்றால் கூலி நிற்குமே!" என்று குடும்பத் தலைவர் கவலைப்படுவார். அந்தக் கவலை நியாயமானது. 1961-ல் வந்த பிரசவகால நலச் சட்டம் வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு 12 வாரம் லீவு கொடுத்தது. 2017-ல் அது 26 வாரமாக உயர்ந்தது. ஆனால் கடை, ஆபீஸ், தொழிற்சாலை என்று 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே அந்தச் சலுகை. சொந்த வீட்டுத் திண்ணையில் தார் சுற்றுகிறவளுக்கு முதலாளி யார்? லீவு கொடுப்பது யார்? அவளும் உழைக்கிறாள். அவள் சுற்றிய தாரில்தான் மணப்பெண்ணின் புடவை உருவாகிறது. சட்டத்தின் கண்ணில் மட்டும் அவள் படவில்லை.

அவளுக்கு உள்ள உதவிகளையாவது அவள் தவறாமல் பெற வேண்டும். சென்னைச் சட்டசபையில் 1927-ல் இடம் பெற்ற முதல் பெண்மணியான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாட்டில் பிரசவ உதவித் திட்டம் நடக்கிறது. ஏழைத் தாய்மார்களுக்கான அந்த உதவி 2006-ல் 6 ஆயிரம் ரூபாயாக இருந்தது. 2011-ல் 12 ஆயிரம் ஆகி, 2018-ல் 18 ஆயிரம் ஆயிற்று. இதில் ஒரு பகுதி சத்துணவுப் பொருள்களாகக் கிடைக்கிறது. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார நர்ஸிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். கைத்தறி நெசவாளர் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேர்ந்த பெண்ணுக்கும் பிரசவ உதவி உண்டு. ஆகவே தறியில் உழைக்கும் பெண்ணின் பெயரையும் வாரியத்தில் பதிய வேண்டும். கணவன் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடக்கூடாது.

இது போதாது. வீட்டுத் தறியில் உழைக்கும் பெண்ணுக்கும் ஓய்வுக் காலத்தில் கூலிக்கு ஈடாக ஏதாவது கிடைக்க வழி செய்ய வேண்டும். அரசும் கூட்டுறவுச் சங்கங்களும் இதை யோசிப்பது அவசியம்.

நடிகைக்கும் அதே கதி

படத்தில் பார்க்கும் நடிகைகள் பிள்ளை பெற்ற மூன்றாம் மாதமே கொடி போல் இருக்கிறார்கள் என்று பெண்கள் ஏங்குகிறார்கள். 2008-ல் வந்த "வாரணம் ஆயிரம்" படத்தில் நடித்த சமீரா ரெட்டியின் கதை வேறு. 2015-ல் முதல் குழந்தை பிறந்த பிறகு உடம்பு பெருத்து, மனமும் சோர்ந்து போனதாக அவரே பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். பூச்சு இல்லாத முகத்தையும், பிள்ளை பெற்ற வயிற்றையும் மறைக்காமல் காட்டினார். அழகே தொழிலான நடிகைக்கும் இதே கதி என்றால், மற்றப் பெண்கள் வெட்கப்படுவானேன்?

குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோமுக்கு 2007-ல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 2008-ல் அவர் மறுபடி உலகச் சாம்பியன் ஆனார். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். எல்லாத் தாய்மாரும் ஓராண்டில் அப்படித் திரும்ப வேண்டும் என்பது இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு பலம் இழந்த உடம்பு அல்ல என்பதற்கு அவர் சாட்சி.

எதற்குப் பயப்பட வேண்டும்?

வரிக்கும் தொப்பைக்கும் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு. இரத்தப்போக்கு அதிகமாவது, காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

முதல் இரண்டு வாரம் காரணம் இல்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. அது தானாகத் தீரும். அதற்கு மேலும் அழுகை நீடித்தால், குழந்தையைத் தொடவே பிடிக்காவிட்டால், சாகலாம் என்ற எண்ணம் வந்தால், அது நோய். "பேய் பிடித்தது", "திமிர்" என்று ஏசக்கூடாது. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். 104, 14416 என்ற எண்களுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

குடும்பத்தின் கடமை

ஒரு பாவு முடிந்து அடுத்த பாவைப் பிணைக்கும் வரை தறி சும்மா நிற்கிறது. அதை யாரும் சோம்பேறித் தறி என்று ஏசுவதில்லை. அந்தப் பொறுமையில் பாதியாவது வீட்டுப் பெண்ணிடம் காட்டக்கூடாதா?

மாமியாரும் ஒரு காலத்தில் பிள்ளை பெற்றவர்தான். அன்று தன்னைக் குத்திய சொல்லை இன்று மருமகளிடம் சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி. கணவன் இரவில் ஒரு மணி நேரம் குழந்தையைத் தூளியில் ஆட்டினால் மனைவி தூங்குவாள். பார்க்க வருகிறவர்கள் "எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா?" என்று கேட்டால் போதும்.

ஆரணிப் புடவைக்கு ஒல்லி, பருமன் என்ற அளவு கிடையாது. கல்யாணப் பெண்ணுக்குப் பொருந்திய அதே புடவை, பிள்ளை பெற்ற பிறகும் அவளுக்குப் பொருந்தும். பற்றாமல் போனது ரவிக்கை ஒன்றுதான். அதற்காகத்தான் தையல்காரர் உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விட்டுத் தைக்கிறார். பிரிக்க வேண்டியது அந்தத் தையலை. குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் அந்தப் பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து, அவள் தலை நிமிர்ந்து உடுத்தட்டும்!