மனுசர் இல்லாத இடம் என்று லடாக்கைச் சொல்லாதேங்கோ

உரும்பிராய்ப் பெடியள் சிலர் லேயில் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து லடாக் சுற்றிய வீடியோவை இந்தக் கிழமை பத்துப் பேராவது எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். "சேர், நீங்களும் போய் வந்தனீங்கள்தானே, பாருங்கோ." பார்த்தோம். நல்லாத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் பதினெட்டு நிமிடத்தில் லடாக் ஆள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. தலைப்பு, 'மனுசரே இல்லாத சொர்க்கம்'.

மனுசர் இல்லையா? 2011 குடிசனக் கணக்கெடுப்பில் அங்கே 274,289 பேர். அதில் 46 வீதம் முஸ்லிம்கள், ஏறத்தாழ 40 வீதம் பௌத்தர்கள். லே கடைத்தெருவிலேயே 17ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசல் நிற்கிறது. கார்கில் பக்கம் பெரும்பான்மையே ஷியா முஸ்லிம்கள். வீடியோக்காரருக்குக் கண்ணில் பட்டது பிரார்த்தனைக் கொடியும் பாங்கொங் ஏரியும் கர்துங் லாவில் நிற்கிற பலகையும்தான். அந்தப் பலகையில் முன்பு 18,380 அடி என்று எழுதியிருந்தது. அளந்து பார்த்தவர்கள் சொல்வது சுமார் 17,580. சரி, அதை விடுவோம்.

எங்களுக்குக் கோபம் வருகிற இடம் வேறு. போர் முடிந்து ஏ9 திறந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். றோட்டோரம் அடுப்பு மூட்டினார்கள், குண்டு துளைத்த சுவருக்கு முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்தார்கள். நாங்கள் எவ்வளவு கொதித்தோம்! "எங்களைக் காட்சிப் பொருளாக்குகிறார்கள்" என்று இதே முகநூலில் எத்தனை பதிவு எழுதினோம்! இப்போது கையில் கொஞ்சம் காசும் ஒரு கோப்ரோவும் வந்தவுடன் அதையே போய் இன்னொரு சனத்துக்குச் செய்கிறோம்.

2025 செப்டெம்பர் 24இல் லேயில் நாலு பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். மாநில அந்தஸ்தும் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கேட்டு நடந்த போராட்டம் அது. தங்கள் காணியையும் வேலையையும் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்தவனுக்கு இதை விளங்கப்படுத்தவும் வேணுமோ? 1989இல் லேயில் பௌத்தர்கள் முஸ்லிம்களைச் சமூகப் பகிஷ்கரிப்புச் செய்தார்கள். அப்படிப் பிரிந்து நின்ற லேயும் கார்கிலும் இன்று ஒரே மேசையில் இருந்து டெல்லியோடு பேசுகின்றன. படிக்க வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது. வீடியோவில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை.

ஷே கிராமத்தில் 'த்ரீ இடியட்ஸ்' படத்தில் வந்த பள்ளிக்கூடம் இருக்கிறது. விஜய் நடித்த 'நண்பன்' படத்தின் இந்தி மூலம்தான் அது. படம் பார்த்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்ததில் பிள்ளைகளின் படிப்புக் கெட்டது. கடைசியில் 2018இல் சுற்றுலாக்காரரை உள்ளே விடுவதில்லை என்று பள்ளிக்கூடம் முடிவெடுத்தது. ஓ.எல். சோதனை நேரம் கோயிலிலோ பள்ளிவாசலிலோ ஸ்பீக்கர் போட்டாலே எங்களுக்குப் பொறுக்காது. அந்த ஆசிரியர்கள் எத்தனை வருடம் பொறுத்தார்களோ.

அடுத்தது தண்ணீர். லேயில் வருடம் முழுக்கப் பெய்வது 100 மில்லிமீற்றர் அளவுதான். பனி உருகி வருகிற ஓடைதான் அவர்களின் தோட்டத்துக்கும் குடிப்புக்கும். அதனால்தான் தண்ணீர் ஊற்றாத, மண் போட்டு மூடுகிற மலசலகூடத்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். எங்கட ஆட்களுக்கு அது அருவருப்பு, ஃபிளஷ் வேணும், சுடுதண்ணி ஷவர் வேணும். அதற்காக ஹோட்டல்காரர் குழாய்க்கிணறு அடிக்கிறார், பக்கத்திலேயே கழிவுக் குழியும் வெட்டுகிறார். கிணற்றுக்கும் குழிக்கும் இடைவெளி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று உரும்பிராயில் வெங்காயத்துக்கு இறைக்கிற கமக்காரனைக் கேளுங்கோ.

கலாசாலையில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேரும் யோக்கியர் என்று சொல்லவில்லை. துர்துக் என்கிற பல்திக் கிராமத்தில் தங்கினோம். 1971 போர் வரைக்கும் அது பாகிஸ்தான் பக்கம் இருந்தது. டிசம்பரில் எல்லை நகர்ந்தது. அன்று மறுபக்கம் நின்றவர் மறுபக்கமே நின்றுவிட்டார். வீட்டுக்காரக் காக்கா தன் பெரிய வாப்பாவைக் கண்டதே இல்லை என்றார். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொல்லப்பட்ட உம்மா வாப்பாவுக்குப் புத்தளத்தில் பிறந்த பிள்ளைகள் எங்களில் மூன்று பேர். அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படியிருந்தும் அடுத்த நாள் காலை, கூரையில் அப்ரிகொட் காயவைத்த ஒரு மூத்தம்மாவைக் கேட்காமல் படம் எடுத்தோம். அவர் முந்தானையால் முகத்தை மூடினார். நாங்கள் அந்தப் படத்தைத்தான் போட்டோம். முந்நூறு லைக். நேற்றுத்தான் அழித்தோம்.

தம்பிமாரே, போகவேண்டாம் என்று சொல்லவில்லை. லேயில் இரண்டு நாள் சும்மா கிடவுங்கோ, 3,500 மீற்றர் உயரம், வீரம் காட்டினால் வாந்திதான் (எங்களில் ஒருவர் காட்டினார்). ஹோட்டலை விட்டு வீடுகளில் தங்குங்கோ, அவர்களின் மலசலகூடத்தைப் பாவியுங்கோ, கமராவைத் தூக்க முதல் ஒரு ஸலாமோ ஜூலேயோ சொல்லுங்கோ. துர்துக் காக்காவின் நம்பர் வேணுமென்றால் இன்பொக்ஸில் கேளுங்கோ, அவரிடம் கேட்டுவிட்டுத் தருகிறோம்.