ஆறாம் நாள் கணக்கு

கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன. தோரணமும் பலூனுமாகப் பிரவேசனோற்சவம் நடக்கிறது. மகிழ்ச்சியே! ஆனால் நாம் கவனிக்க வேண்டியது, ஆறாவது வேலைநாளன்று எடுக்கும் தலைக்கணக்கு. பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை அந்த எண்ணிக்கையே தீர்மானிக்கிறது.

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தமிழகம் சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு மண்ணில் விழுந்தது. பாறசாலைப் பக்கத்து வீடுகளின் பேச்சில் விழவில்லை.

சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி தர முயல வேண்டும் என்கிறது அதே 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவு. வகுப்பில் 10 பேரோ, பள்ளியில் 40 பேரோ இருந்தால் ஆசிரியர் நியமிக்க வேண்டும் என்று 1949இலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு விதி வகுத்தது.

ஆனால் பதியாத பெயருக்காகச் சட்டம் பேசுமா? “தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா?” என்று கேட்டு ஆங்கிலப் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றிவிடுவோர் நம்மிலேயே உண்டு. எண்ணிக்கை குறைகிறது, ஆசிரியர் பதவி போகிறது. வேனுக்குப் பணமில்லாத கூலிக்காரர் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பின் கதவு அடைபடுகிறது.

மலையாளத்தை நாம் வெறுக்கவில்லை. நம் பிள்ளைகள் அதை நன்றாகவே கற்கட்டும். முதல் எழுத்து மட்டும் தாயின் மொழியில் அமையட்டும்.

பள்ளி திறக்கும் நாளிலேயே தமிழாசிரியரும் பாடநூலும் வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம். கிளைத் தோழர்களே, மே மாதமே வீடு வீடாகச் செல்லுங்கள். மனுவுக்கு முன்னால் பெயர் பதியட்டும்!