முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

பலேர்மோவின் மொந்தெல்லோ கடற்கரை பெல்லெகிரினோ மலைக்கும் கல்லோ மலைக்கும் நடுவே வளைந்து கிடக்கிறது. கோடை வந்துவிட்டால் அங்கே ஜெட் ஸ்கி இரைச்சல் ஓயாது. ஊர்க்காரர்கள் அதை ‘மோட்டோ தாக்குவா’ என்கிறார்கள். ஈழத்திலிருந்து வந்து பலேர்மோவில் வேரூன்றிய குடும்பம் ஒன்றின் பிள்ளை, அங்கே ஒரு வாடகைக் கொட்டகையில் மெக்கானிக். சென்ற கோடையில் இரண்டு நாள் அவனோடு நின்றேன்.

முதல் நாள் காலை ஒரு வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஓட்டியவர் கவிழ்த்திருக்கிறார். எந்தப் பக்கமாகப் புரட்டி நிமிர்த்த வேண்டும் என்று வண்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்க்காமல், எதிர்ப் பக்கமாகப் புரட்டியும் இருக்கிறார். பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “பேட்டரி டவுன்” என்று முதலாளி கார் பேட்டரியையும் கேபிளையும் கொண்டுவந்துவிட்டார். பையனின் விரல் மறுபடி பட்டனுக்குப் போனது.

“பொறு தம்பி, முதல்ல பிளக்கைக் கழற்று.”

சீட்டைத் திறந்து பெட்ரோல் ஆவி போகக் காற்றாட விட்டோம். காயில் கனெக்டர்களைப் பிடுங்கி, மூன்று பிளக்கையும் எடுத்தான். மூன்றாவதன் முனையில் தண்ணீர் சொட்டியது. திராட்டிலை முழுக்கப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தபோது, பிளக் துளை வழியே உப்புத் தண்ணீர் பீறிட்டுக் கொட்டகைத் தகரத்தில் அடித்தது. எக்ஸாஸ்டில் நின்ற தண்ணீர் தவறான புரட்டலில் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தது.

பிளக் மாட்டியபடியே கார் பேட்டரியின் பலத்தில் செல்ஃப் அடித்திருந்தால்? காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டனுக்கு வழி இல்லை. கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்தால் அன்றைக்கு வண்டி ஓடவும் செய்யும். பிறகு ஒரு நாள் நடுக்கடலில் ராடு முறிந்து பிளாக்கை உடைக்கும்.

ஸ்டார்ட் பட்டன் சோதனைக் கருவி இல்லை. நம் பட்டறைகளில் அதை அப்படித்தான் பயன்படுத்துகிறோம் என்பதாலேயே இதை எழுதுகிறேன். அந்த ஒரு ‘டக்’குக்குப் பின்னால் சார்ஜ் இறங்கிய பேட்டரி இருக்கலாம், கெட்ட எர்த் இருக்கலாம், சிலிண்டரில் தண்ணீர் இருக்கலாம், ஷாஃப்டில் சுற்றிய கயிறும் இருக்கலாம். கயிறு இந்த வண்டிக்கே உரிய தொல்லை. பெரும்பாலான ஜெட் ஸ்கிகளில் நடுவே கிளட்ச் கிடையாது. இஞ்ஜின் சுற்றினால் இம்பெல்லரும் சுற்றியாக வேண்டும். ஒரு முழம் வலைக்கயிறு அதில் சிக்கினாலே இஞ்ஜின் அசையாது. ஆகவே, பாதுகாப்புக் கயிற்றுச் சாவியை உருவி வைத்துவிட்டு, முதலில் வண்டியின் அடியைக் குனிந்து பாருங்கள்.

பேட்டரியை ஓய்வில் அளந்து 12.6 வோல்ட் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின், செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும், 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி சரியில்லை. அதே நேரத்தில் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இஞ்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் வயரில். மத்தியதரைக் கடலில் கிலோவுக்கு 38 கிராம் அளவில் உப்பு; பெரிய ஆறுகள் கலக்கும் நம் வங்கக் கடலில் அதைவிடக் குறைவு. எந்தக் கடலானாலும் வயர் உறைக்குள்ளேயே பச்சை பூத்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

கவிழாமலே தண்ணீர் புகும் வழியும் உண்டு. அதைத் திறந்துவிடுவது நாம்தான். குழாய் மாட்டிக் கழுவும்போது இஞ்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். தண்ணீரை மூடிய பிறகே இஞ்ஜினை நிறுத்த வேண்டும். இஞ்ஜின் ஓடாமல் குழாய் திறந்திருந்தால் தண்ணீரை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் காற்று இருக்காது. அது பின்னோக்கி ஏறி சிலிண்டருக்கு வரும். வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே இந்த வரிசையைச் சொல்லிக்கொடுங்கள்.

மொந்தெல்லோ வண்டியின் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, சில நிமிடம் ஓட்டி, மறுபடி வடித்தோம். சிலிண்டரில் துரு ஏறச் சில மணி நேரமே போதும் என்பதால் மறுநாளுக்குத் தள்ளவில்லை. இரண்டாம் முறையும் வெளுத்தே வந்தது. மூன்றாம் முறை எண்ணெய் தன் நிறத்தில் வந்தபோது மாலை ஆறு மணி. பையன் டிப்ஸ்டிக்கைத் துணியில் துடைத்து, முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினான்.