உணவுக் குறிப்பேட்டுக்கு ஒரு வாசகர்

உடல் எடையைக் குறைக்க முயல்பவர் தாம் உண்பதையும் பருகுவதையும் அன்றன்றே எழுதிவைப்பதை உணவியல் துறை தற்கண்காணிப்பு என்ற பெயரால் வழங்குகிறது. பிறர் கண்ணுக்கு எட்டாத ஒரு பழக்கத்தை அதற்கு உரியவரே கவனித்துப் பதிவுசெய்வது என்பது இதன் பொருள். 1967இல் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் எட்டு நோயாளிகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வுரையிலேயே, உண்ட நேரம், பொருள், அளவு, சூழ்நிலை ஆகியவற்றை எழுதவைப்பது சிகிச்சையின் முதற்படியாக இடம்பெற்றது. 2002இல் முடிவுகளை அறிவித்து, நீரிழிவு வரும் வாய்ப்பை வாழ்க்கைமுறை மாற்றத்தால் 58 விழுக்காடு குறைக்க முடியும் என்று காட்டிய அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வும் பங்கேற்பாளர்களின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தது. இவ்வளவு நெடுங்காலம் நிலைத்த கருவியாக இருந்தும், உணவியல் ஆலோசகர் சொல்லும் யோசனைகளில் மிக விரைவில் கைவிடப்படுவதும் இதுவே. இரண்டாம் வாரம் வரை வந்த குறிப்பேடு மூன்றாம் வாரம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. நோயாளியின் பதிவுத்தாளில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று ஒரு வரி எழுதப்படுகிறது. அந்த வரி பெரும்பாலும் நியாயமற்றது என்பதே இவ்விதழின் கருத்து.

எழுதுவதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு விடை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரைக் கொண்டு நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் எழுதியவர்கள் எழுதாதவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு எடையைக் குறைத்திருந்தார்கள். 142 பேரை 24 வாரங்கள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, துறையினர் இன்னும் கூர்ந்து படிக்க வேண்டிய செய்தியைத் தந்தது: முதல் மாதத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 23 நிமிடங்கள் பிடித்த இவ்வேலை ஆறாம் மாதத்தில் 15 நிமிடங்களுக்கும் குறைவாகச் சுருங்கியது, எடைக் குறைவோடு தொடர்புகொண்டிருந்தது எழுதச் செலவிட்ட நேரமன்று, எத்தனை முறை எழுதினார்கள் என்பதே. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகளே அன்றிக் காரணத்தை நிறுவுபவை அல்ல என்பதையும், எழுதும் ஊக்கம் உடையவருக்கு உணவைக் குறைக்கும் ஊக்கமும் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடலாகாது. 2011இல் வந்த முறைசார் திறனாய்வு ஒன்றும், முடிவுகள் ஒரே திசையைக் காட்டினாலும், ஆய்வுக்கு உட்பட்டோரில் பெரும்பாலோர் வெள்ளை இனப் பெண்கள் என்ற குறையைச் சுட்டிக்காட்டியது.

குறிப்பேடு எவ்வாறு வேலை செய்கிறது என்பதில்தான் துறையினரிடையே ஒரு குழப்பம் நிலவுகிறது. உளவியலாளர் ஃபிரடெரிக் கான்ஃபர் தன்னொழுங்கை மூன்று படிகளாக விளக்கினார்: ஒருவர் தம் செயலைத் தாமே கவனிப்பது, அதைத் தாம் வகுத்துக்கொண்ட அளவோடு ஒப்பிடுவது, அந்த ஒப்பீட்டுக்கேற்பத் தம்மைப் பாராட்டிக்கொள்வது அல்லது திருத்திக்கொள்வது. எழுதப்போகிறோம் என்ற நினைவே கையைச் சற்றுத் தயங்கவைக்கிறது. ஆய்வாளருக்கு இது அளவீட்டைக் கெடுக்கும் குறை. சிகிச்சையாளருக்கோ இதுவே நாடிய பயன். ஆகவே ஊட்டச்சத்து ஆய்வுக்கான பதிவேடும் எடைக் குறைப்புக்கான குறிப்பேடும் தோற்றத்தில் ஒன்றாக இருந்தாலும் நோக்கத்தில் வேறானவை. முன்னதன் துல்லியத்தைப் பின்னதிடம் எதிர்பார்க்கும்போதுதான் நோயாளி களைத்துப்போகிறார்.

அந்தத் துல்லியம் கிடைப்பதும் அரிது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை இருகுறி நீர் முறையால் சோதித்த ஆய்வொன்று 1992இல் வெளியானது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கனமான ஓரிடத்தான்கள் கலந்த நீரைப் பருகச் செய்து, அவை உடலைவிட்டு நீங்கும் வேகத்தைக் கொண்டு செலவாகும் ஆற்றலைக் கணக்கிடுவது இம்முறை. அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள். இதை ஏமாற்று என்று கொள்வதற்கில்லை. தாம் உண்பதை முழுமையாக அறிவது மனிதருக்கு அவ்வளவு கடினம் என்பதே இதன் பாடம். எப்படியும் பிழைபடப்போகும் ஓர் எண்ணுக்காக நோயாளியின் பொறுமை முழுவதையும் செலவழிக்கச் சொல்வது நல்ல சிகிச்சையாகாது.

தமிழ்நாட்டுச் சமையலறையில் இந்தக் கடினம் பல மடங்காகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணை 528 உணவுப் பொருள்களின் சத்துகளைத் தருகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சமைக்காத மூலப்பொருள்கள். வீட்டில் வைத்த வத்தக்குழம்பை அந்த அட்டவணையில் தேட முடியாது. ஒரே பாத்திரத்தில் வைத்த சாம்பாரில் ஒருவர் தட்டுக்கு எத்தனை கரண்டி வந்தது, அந்தக் கரண்டியில் பருப்பு எவ்வளவு தண்ணீர் எவ்வளவு, தாளிப்பில் ஊற்றிய எண்ணெயில் எத்தனை சொட்டு அவர் பங்குக்கு வந்தது என்பதைச் சமைத்தவராலும் சொல்ல இயலாது. கைபேசிச் செயலிகள் ஒரு தோசைக்கு ஓர் எண்ணைக் காட்டுகின்றன. கல்லில் எத்தனை கரண்டி மாவு வார்க்கப்பட்டது என்பது செயலிக்குத் தெரியாது. இத்தகைய இடங்களில் அனுபவமுள்ள ஆலோசகர்கள் கையாளும் வழி எளிமையானது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 33 மில்லிலிட்டர், அதாவது சுமார் 30 கிராம், 270 கலோரி என்ற கணக்கு வாங்கிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கையிலேயே கிடைத்துவிடுகிறது. நாளைக்கு நான்கு டம்ளர் காபி, டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. இவ்விரண்டையும் அன்றாடம் எழுதச் சொல்லத் தேவையில்லை. மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து கணக்கிட்டால் போதும்.

எழுதப்படாமல் போகும் உணவு இன்னொன்றும் உண்டு. அதைக் கேட்டறிய ஆலோசகருக்குப் பரிவு வேண்டும். சமைக்கும் பெண் உப்பும் புளிப்பும் சரிபார்க்க எடுத்துக்கொண்ட வாய்கள், வீணாகிவிடக் கூடாதே என்று குழந்தையின் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட மீதி, எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியின் அடியில் பிசைந்த கடைசிச் சோறு ஆகியவை அவர் மனத்தில் சாப்பாட்டுக் கணக்கில் சேர்வதில்லை. ‘மறைத்துவிட்டீர்களே’ என்ற தொனியில் ஒரு சொல் விழுந்தால் அவர் அடுத்த முறை வரமாட்டார்.

ஒரு வழக்கமான குறிப்பேட்டுப் பக்கத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். திங்கள் முதல் வியாழன் வரை நெருக்கமான கையெழுத்தில், ‘காலை 3 இட்லி, சட்னி, 11 மணி காபி, 2 பிஸ்கட்’ என்று வரிசையாக நிரம்பியிருக்கிறது. வெள்ளியன்று மதியம் வரை மட்டும் இருக்கிறது. சனிக்கிழமைக்கு எதிரே ‘கல்யாணம்’ என்ற ஒரே சொல். ஞாயிறு வெற்றிடம். அடுத்த திங்கள் வேறு நிற மையில் புதிதாகத் தொடங்குகிறது. இந்தப் பக்கத்தில் மிகுந்த பொருளுடைய பகுதி அந்த வெற்றிடமே. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் போலிவியும் பீட்டர் ஹெர்மனும் விரிவாக ஆராய்ந்த ஒரு மனநிலை இதில் வெளிப்படுகிறது: உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர் ஒருமுறை எல்லை மீறியதும், இன்றைய நாள் கெட்டுவிட்டது, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்று கட்டுப்பாட்டை முழுவதுமாக விட்டுவிடுகிறார். பந்தியில் இரண்டாம் முறை வாங்கிய பாயசத்தைவிட அதை எழுதக் கூசிய மனமே ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து இழக்கச் செய்தது. ‘ஏன் எழுதவில்லை’ என்று கேட்பதை விடுத்து, ‘கல்யாணத்தில் என்னென்ன பரிமாறினார்கள்’ என்று ஆலோசகர் கேட்டு, நோயாளி சொல்லச் சொல்ல அந்த இடத்தைத் தம் கையாலேயே நிரப்பினால், மீறிய நாளும் எழுதத்தக்க நாளே என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

ஊக்கம் என்பது நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள் என்று எண்ணும் வழக்கம் மாற வேண்டும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகியோர் வகுத்த தன்முடிவுக் கோட்பாடு, ஒருவரின் ஊக்கம் நிலைக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது: செய்வது தன் விருப்பம் என்ற உணர்வு, செய்ய முடிகிறது என்ற நம்பிக்கை, இதில் தனக்குத் துணை இருக்கிறது என்ற உறவு. இம்மூன்றையும் ஒருசேர அழிக்கும் செயல் ஒன்று வெளிநோயாளர் பிரிவுகளில் நாள்தோறும் நடக்கிறது. ஒரு வாரம் முழுவதும் எழுதிக் கொண்டுவந்த குறிப்பேட்டை மேசைமேல் வைத்துவிட்டு நோயாளி காத்திருக்க, ஆலோசகர் எடையை மட்டும் பார்த்து, அச்சிட்ட டயட் சார்ட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். கூட்டம் மிகுதி, நேரம் குறைவு என்பது மெய்யே. ஆனால் படிக்க நேரமில்லாத ஒன்றை எழுதச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஏழு நாளையும் படிக்க முடியாவிட்டால் ஏதேனும் ஒரு நாளை மட்டும் படித்து, அதில் நோயாளியே கண்டுகொண்ட ஒரு மாற்றத்தைக் குறிப்பிட்டுப் பேசினால்கூடப் போதும்.

எழுதும் சுமையும் காலப்போக்கில் குறைய வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் எல்லாவற்றையும் எழுதிய பின், நோயாளியே தேர்ந்துகொண்ட ஒன்றை, மாலைப் பலகாரம், இரவுச் சோற்றின் அளவு, வெளியில் வாங்கிய தின்பண்டம் போன்ற ஏதேனும் ஒன்றை மட்டும் தொடரச் சொல்லலாம். குழந்தைகளின் எடைச் சிகிச்சைக்காக லெனார்ட் எப்ஸ்டீன் உருவாக்கிய போக்குவரத்து விளக்கு முறை, உணவுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துச் சிவப்பை எண்ணிக் குறைக்கச் சொல்கிறது. கலோரிக் கணக்கில் பழக்கமில்லாத பெரியவர்களுக்கும் அது எளிதில் விளங்கும். எழுத வராதவர் தட்டைப் படமெடுத்து அனுப்பலாம். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் கோடு போட்டு எண்ணிக்கையை வைத்துக்கொள்ளலாம்.

இக்கருவி எல்லோருக்கும் உரியதன்று என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பட்டினி கிடப்பதும் அடக்கமின்றி உண்பதுமாக மாறிமாறி நடந்துகொண்ட வரலாறு உடையவர்கள், உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுபவர்கள், எண்ணைக் கண்டு அஞ்சி உணவைத் தவிர்க்கத் தொடங்கும் வளரிளம் பருவத்தினர் ஆகியோரிடம் கலோரிக் கணக்கு கேடு விளைவிக்கக்கூடும். குறிப்பேட்டைக் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டறிவது ஆலோசகரின் கடமை. எழுதுவது அச்சமாக மாறியதைக் கண்டால் நிறுத்தச் சொல்வதும் கடமையே.

2019–21ஆம் ஆண்டுகளுக்கான தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். சென்னை ஆய்வாளர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, வாழ்க்கைமுறை மாற்றம் மட்டுமே நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைக்கும் என்று காட்டியது. அந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கும் கருவிகளில் மிக மலிவானது பத்து ரூபாய் நோட்டுப்புத்தகம். அடுத்த முறை ஒருவர் அதைக் கையில் ஏந்தி வரும்போது, அவரை எடை பார்க்கும் கருவியில் ஏறச் சொல்வதற்கு முன் அதை வாங்கித் திறந்து, அவர் கண்முன்னே ஒரு பக்கத்தையாவது படிக்குமாறு துறையினர் அனைவரையும் இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.